'தகராறு' என்னும் சொல்லைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'தகராறு' என்ற சொல்லைக் கண்டவுடன் அதைத் தகர் + ஆறு என்று பிரித்துப் பார்க்கும் ஆசை தமிழ் படித்த எவருக்கும் எழக்கூடும். தகர் என்றால் ஆட்டுக்கடா. ஊக்கமுடையவன் காலம் நோக்கி ஒடுங்கியிருப்பதை, போர்க்கடா தாக்குவதற்காகப் பின்வாங்குவதற்கு ஒப்பிட்டுப் 'பொருதகர்' என்று வள்ளுவரும் 486ஆம் குறளில் ஆண்டிருக்கிறார். ஆகவே கடாக்கள் முட்டிக்கொள்ளும் நெறியே தகராறு என்று சொன்னால், அதை மறுக்க மனம் வராது. ஆனால் அது அழகான கற்பனையே தவிர, சொல்லின் வரலாறு அன்று.

இச்சொல்லின் மூலம் 'தக்ரார்' என்னும் அரபுச் சொல். அங்கே அதற்குத் திரும்பச் செய்தல், திரும்பச் சொல்லுதல் என்பதே பொருள். சண்டை என்ற வாடையே கிடையாது. துருக்கி மொழியில் இன்றும் அதன் வடிவம் 'மறுபடியும்' என்பதையே குறிக்கிறது. சொன்னதையே இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தால் அது வாக்குவாதமாகத்தானே முடியும்? இந்தியாவில் பாரசீகமும் உருதுவும் நிர்வாக மொழிகளாக விளங்கிய காலத்தில், இந்த வாக்குவாதப் பொருளோடுதான் வசூல், பாக்கி, ராஜி, வக்கீல் போன்ற சொற்களின் வரிசையில் இதுவும் பரவியது. போன இடமெல்லாம் அது ஒரே பொருளில் நிற்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மராத்தியில் அது புகார். கன்னடத்தில் பெரும்பாலும் ஆட்சேபம். மலையாளத்தில் இயந்திரப் பழுது. மலையாளச் செய்தியில் விமானத்துக்குத் 'தகரார்' என்று வந்தால், விமானத்தில் யாரோ அடித்துக்கொண்டார்கள் என்று மொழிபெயர்ப்பது பெரும்பிழை. நாமும் 'வண்டி தகராறு செய்கிறது' என்று சொல்லத்தானே செய்கிறோம்!

அரபுச் சொல்லின் இறுதியில் இருப்பது ரகரம். தமிழில் வழங்குவதோ றகரம். வரலாறு, கோளாறு போன்ற சொற்களின் ஓசை இதையும் தன்பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மூலத்தைத் தெரிந்துகொண்டவர்கள் அதற்காகத் 'தகராரு' என்று திருத்தி எழுத வேண்டியதில்லை. 'தகறாறு' என்பதும் பிழையே. நிலைபெற்ற வடிவம் 'தகராறு' ஒன்றுதான். வேற்றுமை உருபு சேரும்போது வரலாற்றில், வயிற்றில் என்பன போல றகரம் இரட்டித்துத் 'தகராற்றில்' என்று வருவதே இலக்கண நெறிக்கு ஒத்தது. செய்தித்தாள்களில் மிகுதியாகக் காணப்படும் 'தகராறில்' என்பதைப் பேச்சுவழக்கின் செல்வாக்காகக் கொள்ளலாம்.

சட்டத்தமிழில் வேறொரு பிழை மலிந்திருக்கிறது. 'தொழிற்தகராறு' என்று பலரும் எழுதுகின்றனர். ஆனால் தமிழில் றகர மெய்யை அடுத்துத் தகரம் வருவதில்லை. சொல் + தொடர் என்பது சொற்றொடர் ஆவதுபோலத் தொழிற்றகராறு என்று புணர்த்தி எழுதலாம். அது கண்ணுக்கு உறுத்தினால் 'தொழில் தகராறு' என்று பிரித்தே எழுதிவிடலாம். இங்கே பொருளையும் சுருக்கிவிடக் கூடாது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே வேலை குறித்தும் வேலை நிபந்தனைகள் குறித்தும் எழும் வேறுபாட்டையும் தகராறு என்றே வரையறுத்தது. குரல் உயர்ந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 'குடிபோதையில் தகராறு' என்னும் செய்தித் தலைப்புக்குப் பழகிய வாசகர், தொழிலாளர் தரப்பையும் அதே கண்ணால் பார்த்துவிடும் அபாயம் இங்கே உண்டு.

பிறமொழிச் சொல் வேண்டாம் என்று கருதுவோர் மாற்றுச் சொல்லை இடம் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். உறவினர் பேசாமல் விலகியிருப்பதற்குப் பிணக்கு பொருந்தும். இரு கொள்கைகள் ஒவ்வாமல் நிற்பதற்கு முரண்பாடு பொருந்தும். ஊடலோ காதலர்க்கும் கணவன் மனைவியர்க்கும் மட்டுமே உரியது. வரப்பை வெட்டி நகர்த்தியதால் எழும் எல்லைத் தகராற்றுக்கு இம்மூன்றில் எதுவும் சரியாக அமையாது.