மெனுவைப் பார்த்த பிறகே மேசையில் கை வையுங்கள்

உணவக மேசையில் ஒரு விருந்தினருக்கென ஒதுக்கும் இடத்தையும், அதில் வைக்கும் தட்டு, கத்தி, ஃபோர்க், ஸ்பூன், கிளாஸ், நாப்கின் அத்தனையையும் சேர்த்து 'கவர்' என்பார்கள். கவர் போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மேசைக்கு என்ன உணவு வரப்போகிறது? சூப் இல்லாத விருந்தில் சூப் ஸ்பூன் வைத்தால், வராத சூப்புக்காக விருந்தினர் காத்திருப்பார். வேண்டிய ஸ்பூன் இல்லாவிட்டால் உணவு அவர் முன்னால் ஆறிக்கொண்டிருக்கும்.

முதல் வேலை, மேசை ஆடுகிறதா என்று நான்கு மூலையையும் அழுத்திப் பார்ப்பது. ஆடினால் கார்க்கை மெல்லிய வில்லையாக நறுக்கிக் காலடியில் வையுங்கள். மடித்த காகிதம் ஒரு மணி நேரத்தில் நசுங்கிவிடும். துணிவிரிப்புக்கு அடியில் தடித்த ஃபெல்ட் துணி போட்டால் தட்டு வைக்கும் சத்தம் அடங்கும், மேல்விரிப்பும் வழுக்காது.

விரிப்பின் அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மேசை ஏறக்குறைய 75 செ.மீ. உயரம், நாற்காலி இருக்கை 45 செ.மீ. உயரம். ஆகவே விரிப்பு 30 செ.மீ.க்கு மேல் தொங்கினால் உட்காருபவரின் மடியில் சுருளும். 90 செ.மீ. சதுர மேசைக்கு 150 செ.மீ. சதுர விரிப்பு சரியாக இருக்கும். நடுமடிப்புக் கோடு மேசையின் நட்டநடுவே ஓட வேண்டும். இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கவர் போடும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டி.

ஒருவருக்கு ஏறக்குறைய 60 செ.மீ. அகலம் தேவை. 150 செ.மீ. விட்டமுள்ள வட்ட மேசையின் சுற்றளவு 471 செ.மீ. என்பதால் எட்டுப் பேர் வசதியாக உட்காரலாம். ஒன்பதாவது நாற்காலி போட்டால் ஆளுக்கு 52 செ.மீ.தான் மிஞ்சும். முழங்கைகள் இடிக்கும், யாருடைய ரொட்டித் தட்டு யாருக்கு என்ற குழப்பமும் வரும்.

அடிப்படைக் கவர்

நாற்காலிக்கு நேர் நடுவில் தட்டையோ மடித்த நாப்கினையோ வைத்து மையத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பலர் கத்தியில் தொடங்கிவிட்டு, கடைசியில் தட்டு நுழையாமல் எல்லாவற்றையும் நகர்த்துகிறார்கள். தட்டில் சின்னம் இருந்தால் அது விருந்தினருக்கு எதிரே, 12 மணித் திசையில் நிற்கட்டும்.

மையத்திலிருந்து வெளிப்பக்கமாக அடுக்குங்கள். வலப்பக்கம் பெரிய கத்தி, அதன் கூர் தட்டைப் பார்த்து. இடப்பக்கம் பெரிய ஃபோர்க். எல்லாக் கைப்பிடிகளின் அடியும் மேசை விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. உள்ளே, ஒரே கோட்டில். ஃபோர்க்குகளுக்கு இடப்பக்கம் ரொட்டித் தட்டு, அதன் வலது ஓரத்தில் சிறிய வெண்ணெய்க் கத்தி. தண்ணீர் கிளாஸ், பெரிய கத்தியின் முனைக்கு மேலே.

தன்விருப்ப மெனு உள்ள இடத்தில் மேசையில் இவ்வளவே போதும். ஆர்டர் வந்ததும், உணவு வருமுன், தேவையானதைச் சேர்ப்பதும் தேவையற்றதை எடுப்பதும் சர்வரின் வேலை. ஸ்டேக் கேட்டவருக்குப் பெரிய கத்தியை எடுத்துவிட்டுப் பல்வைத்த ஸ்டேக் கத்தி வையுங்கள். இவற்றைக் கையில் அள்ளிக்கொண்டு போகாமல், நாப்கின் விரித்த தட்டில் கொண்டுபோக வேண்டும்.

முன்பே முடிவான விருந்து

சூப், மீன், இறைச்சி, இனிப்பு என்று வரிசை தெரிந்தால் முழுக் கவரையும் போட்டுவிடலாம். சாப்பிடும் வரிசை வெளியிலிருந்து உள்ளே. அதனால் போடும் வரிசை நேர்மாறு: கடைசி முக்கிய உணவுக்கான கத்தி தட்டை ஒட்டி, அடுத்து மீன் கத்தி, வலது கோடியில் சூப் ஸ்பூன். இடப்பக்கம் தட்டை ஒட்டிப் பெரிய ஃபோர்க், அதற்கு வெளியே மீன் ஃபோர்க். இனிப்புக்கானவை தட்டுக்கு மேலே படுக்கைவாட்டில்: ஃபோர்க்கின் கைப்பிடி இடப்பக்கம், அதற்கு மேல் ஸ்பூன், கைப்பிடி வலப்பக்கம். பின்னால் கீழே இழுக்கும்போது ஒவ்வொன்றும் தன் பக்கத்துக்கே வந்து சேரும் என்பதுதான் இதன் காரணம்.

எத்தனை வகை உணவு இருந்தாலும் ஒரே நேரத்தில் மூன்று கத்தி, மூன்று ஃபோர்க்குக்கு மேல் மேசையில் வேண்டாம். மீதியை அந்தந்த உணவுக்கு முன் கொண்டுவாருங்கள். வைன் உண்டென்றால் தண்ணீர் கிளாஸிலிருந்து வலப்பக்கம் சாய்கோட்டில் வையுங்கள். முதலில் ஊற்றப்போகும் கிளாஸ் வலது கோடியில் இருந்தால், ஊற்றும் கை மற்றவற்றைத் தாண்ட வேண்டியதில்லை.

நடுவில் வைக்கும் பூ 30 செ.மீ. உயரத்தைத் தாண்டினால் எதிரில் இருப்பவரின் முகம் மறையும். மணம் தூக்கலான பூவையும் தவிர்ப்பது நல்லது. உணவின் வாசனையோடு அது மோதும்.

காலை உணவு எளிது. ரொட்டி, வெண்ணெய், ஜாம் மட்டும் என்றால் சிறிய தட்டும் சிறிய கத்தியும் போதும். முட்டையோ சூடான உணவோ உண்டென்றால் பெரிய கத்தியும் ஃபோர்க்கும் சேரும். கப்பும் சாஸரும் வலப்பக்கம், கைப்பிடி 4 மணித் திசையில், டீஸ்பூன் சாஸரில். முந்திய இரவே மேசை போட்டால் தூசி விழாதபடி கப்பைக் கவிழ்த்து வைத்து, காலையில் நிமிர்த்துங்கள். பஃபே மேசையில் கத்தியும் ஃபோர்க்கும் முன்கூட்டியே இருக்கும், தட்டு மட்டும் உணவு வரிசையில்.

இவ்வளவையும் கெடுப்பது விரல் ரேகை. கிளாஸைத் தண்டிலோ அடியிலோ பிடியுங்கள், வாய் படும் விளிம்பில் ஒருபோதும் வேண்டாம். ஸ்பூன், ஃபோர்க் எல்லாவற்றையும் கைப்பிடியில் மட்டும். வெந்நீரின் ஆவியில் காட்டி, பஞ்சு உதிராத துணியால் துடைத்தால் நீர்க்கறை போகும். கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். மேசைமேல் இருக்கும்போது தெரியாத கறை அப்போது தெரியும்.

எல்லாம் வைத்தபின் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து விருந்தினரின் கண்மட்டத்தில் பாருங்கள். நின்றபடி பார்க்கையில் நேராகத் தெரிந்த கிளாஸ் வரிசை அங்கிருந்து கோணலாகத் தெரியக்கூடும். எழுந்ததும் இருக்கையை ஒருமுறை துடைத்து, அதன் முன்விளிம்பு விரிப்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நாற்காலியைத் தள்ளிவிடுங்கள்.