சோயாவின் சத்து உடம்பில் சேரச் சமைக்கும் முறை

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு தொடங்கி மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தம் வரை, மட்டக்களப்பில் பல வீடுகளில் மீன் சமைக்காத நாட்கள் அடுத்தடுத்து வரும். அந்நாட்களில் சோற்றுக்குத் துணையாவது பெரும்பாலும் சோயா மீட். எண்ணெய் பிரித்தெடுத்த சோயா மாவில் செய்யப்படுவதால் உலர்ந்த 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம் இருக்கிறது. ஒருவருக்கு 30 கிராம் எடுத்தாலே, இரண்டு முட்டைக்கு மேற்பட்ட புரதம் கிடைத்துவிடும். புரதத்தின் கூறுகளில் ஒன்றான, அரிசியில் குறைவாக உள்ள லைசின் சோயாவில் நிறைய உண்டு. சோயாவில் சற்றுக் குறையும் மெதியோனின் என்ற இன்னொரு கூறை அரிசி ஈடுசெய்கிறது. ஆகவே சோறும் சோயாவும் ஒரே தட்டில் சேர்வது மிகப் பொருத்தமானது.

முதலில், உப்புப் போட்ட கொதிநீரில் சோயா மீட்டைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பிடியாக அள்ளி, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துப் பிழிந்தால் மஞ்சள் நிறத்தில் நுரைத்த நீர் வடியும். நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்தால்தான் பச்சை வாடை போகும். என் வீட்டில் இதை அவசரப்பட்டு விட்ட நாட்களில் பிள்ளைகள் கறியைத் தொட்டதே இல்லை.

பஞ்சுபோல எதையும் உறிஞ்சுவது சோயா மீட்டின் இயல்பு. எண்ணெயில் பொரித்தால் அத்தனை எண்ணெயும் உள்ளே போய், கொழுப்புக் குறைந்த உணவு என்ற நன்மை வீணாகிறது. தேங்காயின் கப்பிப்பாலில் (முதற்பாலுக்குப் பின் பிழியும் தண்ணிப்பால்) வேகவைத்து, கெட்டியான முதற்பாலை இறக்கும் தறுவாயில் சிறிதளவு விடுவது நல்லது. பைக்கற்றோடு வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம் என்பதால், பிரஷர் உள்ளவர்களுக்கு வீட்டு மிளகாய்த்தூளே போதும்.

சோயாவில் இரும்புச்சத்து உண்டு, ஆனால் சோயாவிலுள்ள பைற்றேற்று என்ற பொருள் அதை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விட்டால் இத்தடை குறையும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் கூடும். ஒரு மணி நேரமாவது பொறுத்துக் குடியுங்கள்.

முழுச் சோயா அவரையைப் பயன்படுத்துவோர் இரவு முழுவதும் ஊறவைத்து, தோலைக் கசக்கி நீக்கி, நன்கு மசியும்வரை அவிக்க வேண்டும். பச்சை அவரையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. அது போதிய வெப்பத்தில்தான் அழியும். சோயாப்பால் காய்ச்சும்போது, கொதிநிலை வருமுன்பே நுரை பொங்கி ஏமாற்றும். அப்போது அடுப்பை அணைத்துவிடாமல், தணலைக் குறைத்துக் கிளறியபடி, உண்மையாகக் கொதித்தபின் இன்னும் பத்து நிமிடமாவது காய்ச்சுங்கள்.

நாளொன்றுக்கு சுமார் 25 கிராம் சோயாப் புரதம் உண்பவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 3 முதல் 4 சதவீதம் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இது சிறிய நன்மையே. கொலஸ்ட்ரோல் மாத்திரைக்கு மாற்றாகாது. தைரொயிட் மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் இடையே சில மணி நேரம் விட வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக வீட்டில் காய்ச்சிய சோயாப்பாலைக் கொடுக்கவே கூடாது.

சோயாவில் இயல்பாக இல்லாத சத்து வைட்டமின் பி12. நீண்ட நாள் மரக்கறியே உண்பவர்களுக்கு நம்மூர் எருமைத்தயிர் அதில் ஒரு பங்கைத் தரும். தயிரிலுள்ள கல்சியமும் இரும்பை ஓரளவு தடுப்பதால், மதியம் சோயாக் கறியும் இரவில் தயிரும் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.