வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த கார்டு? கட்டணத்தில் சிக்காமல் இருக்கும் வழி

முதலில், கையில் இருக்கும் கார்டின் கட்டணப் பட்டியலை வங்கியின் இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். 'ஃபாரின் கரன்சி மார்க்கப்' என்று ஒரு வரி இருக்கும், வெளிநாட்டு நாணயத்தில் செலவு செய்யும்போது வங்கி கூடுதலாகப் பிடிக்கும் கட்டணம் அது. பல கார்டுகளில் அது 3 சதவீதத்தைத் தொடும். அதாவது ஆயிரத்துக்கு முப்பது. டிக்கெட் விலை கொஞ்சம் குறையாதா என்று ராத்திரியெல்லாம் தேடுகிறவர்கள்கூட இந்த வரியைப் படிப்பதில்லை!

அடுத்து, மார்க்கப்பே இல்லாத கார்டு கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் உடனே வாங்கிவிடாதீர்கள், கணக்குப் போடுங்கள். ஆண்டுக் கட்டணம் 1,500 என்றால், 3 சதவீதம் மிச்சம் பிடிப்பவர் வெளிநாட்டில் 50,000 செலவழித்தால்தான் போட்ட பணம் திரும்பும். வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் ப்ரீபெய்ட் ஃபாரெக்ஸ் கார்டு என்றால், அதில் ஏற்றாத நாணயத்தில் செலவு செய்தால் என்ன பிடிப்பார்கள், மீதியைத் திரும்ப எடுக்க என்ன ஆகும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏடிஎம்மில் பணம் எடுக்க டெபிட் கார்டுதான். கிரெடிட் கார்டில் எடுத்தால் பெரும்பாலும் தனிக் கட்டணம் போக, அன்றிலிருந்தே வட்டி ஓடும். உங்கள் வங்கியும் ஏடிஎம்மின் சொந்தக்காரரும் ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பிடிக்கலாம் என்பதால், அடிக்கடி எடுக்காமல் மொத்தமாக எடுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். கடையில் கார்டைச் செருகியதும் மெஷின் இரண்டு தொகைகளைக் காட்டலாம்: ஒன்று அந்த நாட்டு நாணயத்தில், இன்னொன்று உங்கள் ஊர் நாணயத்தில். பழகிய நாணயம் என்று இரண்டாவதைத் தொட்டுவிடாதீர்கள். அந்த விகிதத்தை வைப்பது கடைக்காரர் பக்கம். லாபம் சேர்த்தே வைப்பார்கள். அதைத் தொட்டால், மார்க்கப் இல்லாத கார்டு கையில் இருந்தும் பயனில்லை. எப்போதும் அந்த நாட்டு நாணயம்தான். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரலாம். 'மாற்றம் வேண்டாம்' என்று அழுத்தினால் பணம் வராதோ என்று பயப்படாதீர்கள், வரும். உங்கள் வங்கியின் விகிதத்தில் கழியும், அவ்வளவுதான். சில இடங்களில் கல்லாவில் இருப்பவரே நமக்காக அழுத்திவிடுவார். பின் நம்பர் போடுமுன் திரையைப் பாருங்கள். தப்பாக இருந்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம்.

கிளம்புமுன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யுங்கள். ஒன்று விசா என்றால் மற்றொன்று மாஸ்டர்கார்டாக, இரண்டு கார்டுகளை வெவ்வேறு பைகளில் வையுங்கள். ஹோட்டல் டெபாசிட்டுக்கும் வாடகைக் காருக்கும் கிரெடிட் கார்டையே நீட்டுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் சொந்தப் பணம் முடங்கும். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடச் சில நாட்கள் ஆகலாம்.