புதிய மாநிலத்தில் வேட்டைக்கு இடம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸில் பல ஆண்டுகள் வேட்டையாடிய ஒருவர் வேலை மாற்றத்தால் வயோமிங்கில் குடியேறினால், அவர் முதலில் கேட்பது பெரும்பாலும் எல்க் மான்கள் எங்கே இருக்கின்றன என்பதாகவே இருக்கும். அதற்கு முன்பே கேட்க வேண்டியவை இரண்டு: நாம் கால் வைக்கப்போகும் நிலம் யாருடையது, அந்த நிலத்தைப் பற்றி இந்த மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது. பழைய ஊரின் வழக்கம் இங்கும் செல்லும் என்று நம்பிவிடுவதிலிருந்தே மற்றத் தவறுகள் பெரும்பாலும் பிறக்கின்றன.

டெக்சாஸில் 90 விழுக்காட்டுக்கும் மேலான நிலம் தனியார் கையில் இருப்பதால், மான் வேட்டைக்குப் பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது அங்கே பரவலான வழக்கம். வயோமிங்கிலோ ஏறத்தாழப் பாதி நிலம் கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமானது. ஆகவே வந்த வேகத்தில் குத்தகைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஆயினும், அரசு நிலம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணுவது அடுத்த தவறு. தேசியக் காடுகளும், கூட்டாட்சி அரசின் துறையான நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்களும் பெரும்பாலும் வேட்டைக்குத் திறந்திருக்கின்றன. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வேட்டைக்கு இடமே இல்லை. பள்ளிகள் போன்றவற்றின் வருவாய்க்காக மாநில அரசு வைத்திருக்கும் மாநில அறக்கட்டளை நிலங்களில், பொதுச் சாலை வழியாகச் சென்றடைய முடியுமானால், வயோமிங்கில் பொதுவாக வேட்டையாடலாம். ஆனால் அங்கே கூடாரமிட்டுத் தங்கக் கூடாது. தெற்கே எல்லையைத் தாண்டிக் கொலராடோவுக்குள் சென்றால், அதே வகை நிலம், வனவிலங்குத் துறை குத்தகைக்கு எடுத்துத் திறந்துவிட்ட பகுதிகள் நீங்கலாக, பொதுமக்களுக்கு மூடப்பட்டதாகவே இருக்கும்.

வீடு மாறி, வாகன ஓட்டுநர் உரிமத்தையும் மாற்றிக்கொண்டதால் உள்ளூர்வாசிக்குரிய வேட்டை உரிமம் கிடைத்துவிடும் என்று எண்ணுவோர் பலர். கொலராடோ தொடர்ந்து 6 மாதக் குடியிருப்பையும், மொன்டானா 180 நாள்களையும், வயோமிங் முழுதாக ஓராண்டையும் கேட்கின்றன. இது கட்டணத்தோடு நின்றுவிடும் செய்தி அன்று. எங்கே வேட்டையாடலாம் என்பதையே இது மாற்றிவிடுகிறது. கூட்டாட்சிச் சட்டப்படி வனாந்தரம் என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில், வெளிமாநிலத்தவர் வழிகாட்டியோ உரிய அனுமதி பெற்ற உள்ளூர்வாசியோ உடன் வராமல் பெருவிலங்கு வேட்டையாட வயோமிங் சட்டம் இடம் தருவதில்லை. முதல் ஆண்டில் இருப்பவர், எவ்வளவு அழகான மலைச்சரிவைக் கண்டாலும், அது வனாந்தர எல்லைக்குள் வருகிறதா என்பதை வரைபடத்தில் பார்த்த பிறகே திட்டமிட வேண்டும்.

தெற்கு வயோமிங்கின் நில அமைப்பைத் தனியே விளக்க வேண்டும். 1860களில் ரயில் பாதை அமைப்பதற்காக, பாதையின் இருபுறமும் 640 ஏக்கர் சதுரங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக நிறுவனத்துக்கு வழங்கப்பட்டதால், இன்றும் அங்கே அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகை போல மாறிமாறிக் கிடக்கின்றன. கைபேசி வரைபடத்தில் அரசு நிலம் பரந்து தெரிந்தாலும், பல அரசுச் சதுரங்களுக்குள் நுழைய, அடுத்த அரசுச் சதுரத்தோடு அவை தொடும் மூலையைத் தவிர வேறு வழி இல்லை. 2021-இல் எல்க் மலைப் பகுதியில் மிசௌரியிலிருந்து வந்த 4 வேட்டைக்காரர்கள் ஏணி வைத்து அப்படி ஒரு மூலையைக் கடந்தார்கள். அவர்கள்மீது தொடரப்பட்ட வழக்கில் 2025 மார்ச்சில் 10-ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்ஸிகோ, கன்சாஸ், ஓக்லஹோமா ஆகிய 6 மாநிலங்களைக் கட்டுப்படுத்தும். மொன்டானா அந்த வட்டாரத்தில் சேராது. தனியார் மண்ணை மிதிக்காமல் மூலையிலிருந்து மூலைக்குக் கடப்பதற்கு மட்டுமே இது பொருந்தும் என்பதால், நில அளவையின்போது மூலையில் நட்ட மூலைக்கல்லைக் கண்ணால் காணாமல் கைபேசிப் புள்ளியை மட்டும் நம்பி அடியெடுத்து வைப்பதை நான் சரியென்று கருதவில்லை.

வேலியோ எச்சரிக்கைப் பலகையோ இல்லாத நிலம் திறந்த நிலம் என்று எண்ணுவதும் ஆபத்தானது. பலகை இல்லாத தனியார் நிலத்தில் வேட்டையாடும் மரபு மெய்ன் மாநிலத்தில் உண்டு. வயோமிங்கில் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உரிமையாளரின் அனுமதி கட்டாயம். டெக்சாஸில் மரத்தில் பூசிய ஊதா வண்ணமே ‘உள்ளே வராதே’ என்று பொருள்படும். மொன்டானாவில் அதற்கு ஆரஞ்சு வண்ணம்.

குளிர்காலத்தில் சாலையோரம் கூட்டமாக மேயும் எல்க் மான்களைப் பார்த்துவிட்டு அந்த இடத்தைக் குறித்துவைப்பது புதியவர்கள் எளிதில் செய்யும் பிழை. பனிக்காகத் தாழ்நிலத்துக்கு இறங்கிய அதே கூட்டம், செப்டம்பரில் பல மைல் தள்ளி உயர்ந்த காடுகளில் இருக்கும். மாநில வனவிலங்குத் துறை வட்டாரவாரியாக வெளியிடும் வேட்டை அறிக்கைகளைப் படித்து, அந்த வட்டாரத்தின் உயிரியலாளரிடம் குறிப்பான கேள்விகளோடு பேசினால், மான்கள் எந்த மாதத்தில் எங்கே நகர்கின்றன என்பது தெளிவாகும். எந்தப் பாதையில், எந்தத் தேதிவரை வண்டி ஓட்டலாம் என்பதைத் தேசியக் காட்டு அலுவலகங்கள் இலவசமாகத் தரும் வாகனப் பாதை வரைபடம் சொல்லும்.

தனியார் நிலத்தில் அனுமதி கேட்க விரும்புவோர் பருவம் தொடங்கும் நாளின் விடியலில் கதவைத் தட்டக் கூடாது. கோடையிலேயே, வைக்கோல் அறுவடையின் நெருக்கடி இல்லாத ஒரு நாளில், தனியாகவோ வீட்டாருடனோ சென்று, இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர் என்பதைச் சொல்லி, எந்த விலங்கு, எத்தனை நாள், எத்தனை பேர் என்பதைத் தெளிவாகக் கேட்பதே முறை. கொம்புள்ள ஆண் மானுக்கு மறுத்துவிடும் பண்ணையார், தம் வைக்கோலைத் தின்னும் பெண் எல்க் மானுக்குச் சம்மதிக்கக்கூடும். சம்மதித்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, வாயிற்கதவுகளைத் திறந்தவை திறந்தபடியும் மூடியவை மூடியபடியும் விட்டுச் செல்ல வேண்டும்.