நியோபியக் குழியறையின் தரம் எங்கே வீழ்கிறது? வரைபை வாசிக்கும் முறை

உயர்தரப் பௌதிகவியலில் ஒத்திசைவைக் கற்ற வன்னி மாணவர் எவரும், மின்புலம் உயரும்போது குழியறையின் தரம் எப்படி மாறுகிறது என்று காட்டும் இந்த வரைபை வாசிக்கலாம். துணிக்கை முடுக்கிகளில் இலத்திரன்களைத் தள்ளும் நியோபியக் குழியறைகள், அதாவது உள்ளே மின்காந்த அலை ஒத்திசையும் வெற்று உலோக அறைகள், திரவ ஈலியத்தில் 2 கெல்வின் அளவில் இயங்குகின்றன. அவற்றின் தரக்காரணி, அதாவது சேமித்த சக்தியை எவ்வளவு மெதுவாக இழக்கின்றன என்று காட்டும் எண், ஆயிரம் கோடியைத் தொடும். வீட்டு மாமரத்தில் கட்டிய, 2 செக்கனுக்கு ஒருமுறை ஆடும் ஊஞ்சலுக்கு இந்தத் தரம் இருந்தால், ஒருமுறை தள்ளிய பின் அதன் சக்தி மூன்றில் ஒரு பங்காகக் குறைய நூறு ஆண்டுகளுக்கு மேல் செல்லும்.

முதலாவதாக, கிடை அச்சில் மின்புலத்தையும் நிலை அச்சில், மடக்கை அளவிடையில், தரக்காரணியையும் குறியுங்கள். அருகிலேயே எக்ஸ் கதிர் அளவையும் எழுதுங்கள். இதைத் தவறவிட்டால் பின்வரும் படிகள் பயன்படா.

இரண்டாவதாக, கோட்டின் தொடக்கத்தைப் பாருங்கள். தாழ்ந்த புலத்திலேயே தரம் குறைவாயின், குளிரும்போது சுவரில் சிறைப்பட்ட காந்தப்புலமோ உலோகத்தில் கரைந்த ஐதரசனோ காரணமாகலாம். அறை வெப்பநிலைக்குச் சூடாக்கி, 150 முதல் 75 கெல்வின் வரையான பகுதியை விரைவாகக் கடந்து மீண்டும் குளிர்வித்ததும் தரம் மீண்டால், குற்றவாளி ஐதரசனே.

மூன்றாவது படியில்தான் நிதானம் மிக அவசியம். புலம் உயரும்போது தரம் சரிய, எக்ஸ் கதிரும் கூடவே எழுந்தால், உட்சுவரில் தூசி இருக்கிறது என்று கொள்ளலாம். சோளகம் பெயர்ந்த நாளில், காலையில் துடைத்த யன்னல் கட்டையில் மாலையில் விரலை இழுத்தால் செம்மண் கோடு விழுவதை நாம் அறிவோம்; அந்தப் புழுதியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும், அதன் கூரிய முனையிலிருந்து இலத்திரன்கள் பிடுங்கப்பட்டு, முடுக்கப்பட்டு, எதிர்ச்சுவரில் மோதிச் சூடாக்கும். ஹம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய எக்ஸ்எஃப்இஎல் (எக்ஸ் கதிர் கட்டற்ற இலத்திரன் லேசர்) முடுக்கிக்காகச் செய்த குழியறைகள் பலவற்றின் குறை, உயர் அழுத்தத் தூய நீரால் மீண்டும் கழுவியதும் நீங்கியது. கழுவுவதை நான் முதல் மருந்தாகவே கருதுகிறேன்.

எக்ஸ் கதிர் இல்லாமல், மீற்றருக்கு 25 மெகாவோல்ற்றுக்கு மேல் தரம் சரிந்தால் தூசியைத் தேட வேண்டாம். 120 பாகை செல்சியசில் ஏறத்தாழ 48 மணித்தியாலம் வெற்றிடத்தில் சூடாக்குவதே வழக்கமான பரிகாரம்.

கோடு சரியாமல் திடீரென அறுந்தால், சுவரின் ஒரு புள்ளி 9.2 கெல்வினைக் கடந்து மீக்கடத்து நிலையை (மின்தடை அற்றுப்போகும் நிலையை) இழந்துவிட்டது. அந்தப் புள்ளியைக் கண்டறிய, சுவரின் வெளிப்புறத்தில் பொருத்திய வெப்பமானிகளில் எது முதலில் துள்ளுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு பற்றவைத்த தழும்போ சிறு குழியோ இருக்கும்.