சம்பள உயர்வு கேட்பது எப்படி: ஒருமுறை தவறவிட்டவனின் செய்முறை விளக்கம்

என்னிடம் வேலை பழக வந்த ஒருவர், சேர்ந்த மூன்றாவது மாதத்தில், வருமான வரிப் படிவத்தை நிரப்பத் தெரியவில்லை என்று மடிக்கணினியை என் மேசைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் இருந்த ஆண்டுச் சம்பளம் என்னுடையதைவிட 18 சதவீதம் கூடுதல். படிவத்தை ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தேன். அதன்பின் அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. மறுவாரமே மேலாளரிடம் போய்க் கேட்டு வெறுங்கையோடு திரும்பினேன். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து, அதே மேலாளரிடம், அதே அறையில் கேட்டு 16 சதவீதம் பெற்றேன். இரண்டுக்கும் நடுவில் நான் எதை மாற்றினேன் என்பதே இந்த விளக்கம்.

முதல்முறை நான் கொண்டுபோனது மனக்குறை. இரண்டாம் முறை கொண்டுபோனது, மேலாளர் தமக்கு மேலே இருப்பவரிடம் எடுத்துச் சென்று வாதாடக்கூடிய ஒரு பக்கக் காகிதம். பெரும்பாலான நிறுவனங்களில் உங்கள் மேலாளர் தனியாகச் சம்பளத்தை முடிவு செய்வதில்லை. நீங்கள் இல்லாத வேறோர் அறையில் உங்களுக்காகப் பேசப்போகிறவர் அவர். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். பால் இன்னொருவரின் பூட்டுக்குள் இருக்கும்போது அந்தப் பழமொழி உதவாது.

நேரம் கேட்டுக்கொண்டு போவது, பணிவாகப் பேசுவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: உண்மையில் எது குறைகிறது என்று பாருங்கள்

மதிப்பில்லை என்ற உணர்வு எப்போதும் பணத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. கூட்டத்தில் உங்கள் யோசனையை இன்னொருவர் தம்முடையதாகச் சொல்வதுதான் உறுத்துகிறது என்றால், சம்பளம் உயர்ந்த இரண்டாம் மாதமும் அது உறுத்தத்தான் செய்யும். பணம்தான் காரணம் என்றால் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும்போது உங்கள் சம்பளம் 4 சதவீதம் மட்டுமே ஏறினால், மூன்று ஆண்டு முடிவில் உங்கள் சம்பளத்தின் வாங்கும் சக்தி சுமார் 5.5 சதவீதம் குறைந்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் உயர்வு கடிதத்தைப் பெற்றுக்கொண்டே பின்னால் போய்க்கொண்டிருப்பது இப்படித்தான் நடக்கிறது.

படி 2: பணம் எப்போது ஒதுக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உயர்வுக் கடிதம் கைக்கு வரும் நாளில் பேச்சைத் தொடங்குவதே பலரும் செய்யும் தவறு. அந்தக் கடிதம் அச்சாவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே துறைக்கு இவ்வளவு என்று தொகை பிரிக்கப்பட்டிருக்கும். அதன்பின் உங்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமென்றால் இன்னொருவரிடமிருந்து எடுக்க வேண்டியிருக்கும். நான் முதல்முறை போனபோது என் மேலாளர் சொன்ன பதில், ஒதுக்கீட்டுப் பட்டியலைப் போன மாதமே அனுப்பிவிட்டோம் என்பதுதான். அவர் பொய் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஆகவே, "அடுத்த ஆண்டுச் சம்பள ஒதுக்கீட்டை நீங்கள் எந்த மாதம் அனுப்ப வேண்டியிருக்கும்?" என்று நேராகக் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த மாதத்துக்கு மூன்று மாதம் முன்னதாக உங்கள் பேச்சு நடந்து முடிந்திருக்க வேண்டும்.

படி 3: வேலைப் பதிவை எழுதுங்கள்

இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. மூன்றைப் போட்டுப் பார்த்து மூன்றையும் நீக்கிவிட்டேன். ஐந்து நெடுவரிசை கொண்ட ஒரு கூகுள் ஷீட்ஸ் தாளே போதும்: தேதி, என்ன சிக்கல், நான் செய்தது, அதனால் மாறியது, யாருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் தாள் தானாக நிரம்பும். இதை அலுவலகக் கணக்கில் வைக்காதீர்கள். ஒருநாள் அந்தக் கணக்கு மூடப்பட்டால் நான்கு ஆண்டு உழைப்பின் பதிவும் அதோடு போய்விடும். அதேபோல், நிறுவனத்தின் ரகசியத் தகவல்களையும் வாடிக்கையாளர் பெயர்களையும் உங்கள் சொந்தக் கணக்குக்குக் கொண்டுவராதீர்கள். உங்கள் வாக்கியங்கள் மட்டும் இருக்கட்டும்.

என் முதல் பதிவில், "மாத இறுதிக் கணக்கு முடிக்கும் பணியில் கடுமையாக உழைத்தேன்" என்று எழுதியிருந்தேன். இதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் வாதாட முடியாது. திருத்தி எழுதியபோது அது இப்படி மாறியது: "மாத இறுதிக் கணக்கை முடிக்க 6 வேலை நாள் ஆகிக்கொண்டிருந்தது. இரண்டு கோப்புகளை ஒன்றாக்கிச் சரிபார்க்கும் முறையை மாற்றினேன். இப்போது 2 நாளில் முடிகிறது. மூன்று பேர் இரவு தங்குவது நின்றது." உழைப்பைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை.

பதவிப் பெயருக்கு மேற்பட்டு நீங்கள் செய்யும் வேலைகளைத் தனியாகக் குறியுங்கள். வேலையை விட்டுப் போனவரின் பொறுப்பு, தற்காலிகமாக என்று உங்கள் தலையில் விழுந்து, ஓர் ஆண்டாகியும் இறங்காமல் இருந்தால், அதுவே உங்கள் காகிதத்தின் முதல் வரி.

படி 4: சந்தை விலையைக் கண்டுபிடியுங்கள்

கிளாஸ்டோர் போன்ற தளங்களில் காணப்படும் தொகைகள் பெரும்பாலும் ஊழியர்கள் தாமே பதிந்தவை. பழைய பதிவும் புதிய பதிவும் கலந்து கிடக்கும். அவற்றைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய விருப்பம் வேலை விளம்பரங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2021 முதலும், நியூயார்க் நகரம் 2022 நவம்பர் முதலும், விளம்பரத்திலேயே சம்பள வரம்பைக் குறிப்பிட வேண்டும் என்று கட்டாயமாக்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பிறப்பித்த சம்பள வெளிப்படைத்தன்மை ஆணையும், வேலைக்கு விண்ணப்பிப்பவருக்குத் தொடக்கச் சம்பளத்தை அல்லது அதன் வரம்பை முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத இடங்களிலும் சில நிறுவனங்கள் வரம்பை வெளியிடுகின்றன. உங்கள் ஊருக்கும் அனுபவத்துக்கும் பொருந்தும் ஐந்தாறு விளம்பரங்கள் கிடைத்தால் போதும். அடிப்படைச் சம்பளத்தை அடிப்படைச் சம்பளத்தோடுதான் ஒப்பிட வேண்டும். போனஸ் சேர்ந்த தொகையோடு ஒப்பிட்டால் முதல் கேள்வியிலேயே உங்கள் வாதம் சரியும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். உடன் பணிபுரிபவரின் சம்பளத்தைப் பெயர் சொல்லி எடுத்து வைக்காதீர்கள். நான் முதல்முறை அதைத்தான் செய்தேன். பேச்சு உடனே என் சம்பளத்திலிருந்து விலகி, அந்தத் தகவல் எனக்கு எப்படிக் கிடைத்தது என்ற விசாரணையாக மாறியது. நம்பி மடிக்கணினியைத் திறந்துகாட்டிய பையனுக்கும் சங்கடம்.

படி 5: மூன்று எண்கள்

கேட்கும் தொகை, மனநிறைவோடு ஏற்கும் தொகை, அதற்குக் கீழே போனால் வேறு வேலை தேடத் தொடங்கும் தொகை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவது எண் வெறும் வீராப்பாக இருக்கக் கூடாது. கையில் வேறு வழி என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது அமையும். கையில் இல்லாத வேலை வாய்ப்பை இருப்பதாகச் சொல்லி மிரட்டாதீர்கள். "நல்லது, போய்ச் சேருங்கள்" என்று அவர் சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?

சின்ன வித்தியாசத்துக்காக இவ்வளவு பாடா என்று தோன்றினால் இன்னொரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் 100இலும் மற்றவர் 110இலும் தொடங்கி, இருவருக்கும் ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். பத்து ஆண்டில் இருவரும் பெற்ற மொத்தத் தொகைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 126. அதாவது முதலாமவரின் தொடக்க ஆண்டுச் சம்பளத்தைப்போல ஒன்றேகால் மடங்கு.

படி 6: எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடுவது

நான் இடறி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல்முறை, "20 சதவீதம் எதிர்பார்க்கிறேன்" என்றேன். மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார், சன்னல் பக்கம் பார்த்தார். நான்கைந்து நொடிதான் ஆகியிருக்கும். எனக்கோ அது மறுப்பாகத் தெரிந்தது. "15 என்றாலும் பரவாயில்லை" என்று நானே சொல்லிவிட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை, எதுவும் மறுக்கவில்லை. என் எண்ணை நானே வெட்டினேன். ஒன்றரை ஆண்டு கழித்து நான் 22 என்று கேட்டபோது அவர் முதலில் சொன்னது, "போனமுறை 15 என்றுதானே சொன்னீர்கள்?" என்பதாகும். அந்த 15 அவருடைய குறிப்பேட்டில் அத்தனை நாளும் உட்கார்ந்திருந்தது. எனக்குக் கிடைத்த 16ஐ நான் முழு வெற்றியாகச் சொல்லிக்கொள்ளாததற்கு இதுவே காரணம்.

ஓர் எண் காதில் விழுந்தபின் அது மனத்தைக் கட்டிப்போடுகிறது என்பதை உளவியலாளர்களான ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். 10 அல்லது 65 என்ற எண்ணில் மட்டுமே நிற்கும்படி செய்யப்பட்ட ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25. 65ஐப் பார்த்தவர்களுடையது 45. கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத சக்கரம் அவ்வளவு செய்யும் என்றால், உங்கள் வாயாலேயே நீங்கள் சொன்ன குறைந்த எண் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு எண்ணுக்கு நடுவே என்று ஒரு வரம்பாகச் சொல்ல விரும்பினால், அதன் கீழ் எல்லையே நீங்கள் உண்மையில் கேட்கும் தொகையாக இருக்கட்டும்.

இரண்டாம் முறை நான் சொன்னதை அப்படியே தருகிறேன்: "இந்த ஆண்டு என் பொறுப்புகள் எப்படி விரிந்திருக்கின்றன என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். இதே வேலைக்கு வெளியே கொடுக்கப்படும் சம்பளமும் அதில் இருக்கிறது. இவற்றை வைத்து 22 சதவீத உயர்வைக் கேட்கிறேன். இதை மேலே கொண்டுபோக உங்களுக்கு வேறு என்ன தகவல் தேவைப்படும்?" கடைசிக் கேள்வி அவரை என் எதிர்ப்பக்கத்திலிருந்து என் பக்கத்துக்கு மாற்றியது. கேட்டுவிட்டு, மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து மெதுவாகக் குடித்தேன். குவளை காலியாவதற்குள் அவர் பேசிவிட்டார். குடிக்கும்போது பேச முடியாது. இதைவிட எளிய உத்தி எனக்குத் தெரியவில்லை.

வாடகை, கடன், குழந்தையின் படிப்புச் செலவு எதையும் காரணமாகச் சொல்லாதீர்கள். அவை உண்மையாக இருக்கலாம். ஆனால் மேலே பேசப்போகிறவருக்கு அவை பயன்படாது.

படி 7: இல்லை என்றால்

"எதை எட்டினால் இது சாத்தியம், எந்த மாதம் மறுபடி பேசலாம்?" என்று கேட்டு, விடையை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். பதவிப் பெயர், கூடுதல் விடுப்பு, பயிற்சிச் செலவு ஆகியவற்றை மாற்றாகக் கேட்கலாம். ஒருமுறை மட்டும் தரும் போனஸ் நல்லதுதான். ஆனால் அடுத்த ஆண்டு உயர்வு அதன்மேல் கணக்கிடப்படாது என்பதை மறக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 1

வாய்மொழியாக ஒப்புக்கொண்ட மேலாளர் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவருக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று மூன்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். ஏழாம் படியின் மின்னஞ்சலை மறுப்புக்கு மட்டுமல்லாமல் ஒப்புதலுக்கும் அனுப்புங்கள்: "இன்று பேசியதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், தவறிருந்தால் திருத்துங்கள்" என்று இரண்டு வரி போதும்.

பின்சேர்க்கை 2

ஆண் கேட்டால் துணிச்சல், நாங்கள் கேட்டால் அகம்பாவமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவர் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. ஹானா ரைலி பௌல்ஸ், லிண்டா பாப்காக், லெய் லாய் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, சம்பளம் பேசத் தொடங்கியதற்காகப் பெண்களை மதிப்பீட்டாளர்கள் ஆண்களைவிடக் கடுமையாக எடைபோட்டதைக் காட்டியது. குறை கேட்பவரிடம் இல்லை. நடைமுறையில், கோரிக்கையைத் துறையின் தேவையோடு சேர்த்துச் சொல்வது இந்த உரசலைக் குறைப்பதாக அந்த வாசகியே பிறகு எழுதினார். ஆறாம் படியின் வாக்கியங்களை ஓர் ஆணின் அனுபவத்திலிருந்து எழுதினேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மாற்றிப் பயன்படுத்துங்கள்.

பின்சேர்க்கை 3

உயர்வு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். எந்தத் தேதியிலிருந்து அமலாகிறது என்பதை யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. என் புதிய சம்பளம், ஒப்புக்கொண்ட மாதத்துக்கு இரண்டு மாதம் தள்ளிப் பதிவாகியிருந்தது. சம்பளச் சீட்டைத் திறந்து வரி வரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பழைய மின்னஞ்சலையே மனிதவளத் துறைக்கு மறுபடி அனுப்பினேன். அடுத்த மாதம் இரண்டு மாத நிலுவையும் சேர்ந்து வந்தது.