வெண்ணிறகின் வரிகள் அழியாமல் காட்டு வாத்துகளைப் படமெடுத்தல்

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் குளிர்காலத்தில் வலசை வரும் வாத்துகளுள், ஒளியை அளப்பதில் நம்மைப் பெரிதும் சோதிப்பவை ஆண் ஊசிவால் வாத்தும் ஆண் தட்டைவாயனும்தாம். ஊசிவாலுக்குக் கரும்பழுப்புத் தலையும் தூய வெள்ளை மார்பும் அமைந்திருக்க, தட்டைவாயனுக்கு அதே வெள்ளை மார்பின் மேல் ஏறக்குறைய கருமையாகவே தோன்றும் பச்சைத் தலை இருக்கிறது. பருவத்தின் தொடக்கத்தில் வந்திறங்கும் ஆண்கள் பெட்டையைப் போன்ற மங்கலான இறகோடு இருப்பதால் அப்போது இச்சிக்கல் அவ்வளவாக எழாது. டிசம்பர், ஜனவரியில் இறகு முழு நிறம் பெற்றபின் கவனம் வேண்டும்.

கேமரா தானாகக் கணிக்கும் ஒளியளவு பறவையைப் பற்றியதன்று. படச்சட்டத்தை நிறைத்திருக்கும் கோரையையும் நீரையும் பற்றியது. கருத்த கோரையின் முன்னே வாத்து நீந்தும்போது கேமரா படத்தை வெளிச்சமாக்கி மார்பை வெளுக்கச் செய்துவிடும். அதே வாத்து வானம் பளபளக்கும் நீர்ப்பரப்புக்கு நகர்ந்தவுடன் படத்தை இருட்டாக்கிவிடும். வாத்தின் மேல் விழும் வெயிலோ இவ்விரு நொடிகளிலும் மாறவே இல்லை. ஆகவே வெயில் நிலையாக இருக்கும் நாளில் ஒளியளவை நாமே அமைக்கும் மேனுவல் முறையே சரியானது என்பது என் உறுதியான கருத்து. ஒளியுணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓவையும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மேனுவலில் வைத்தும் ஒளியளவு மாறிக்கொண்டே இருக்கும்.

நீந்தும் வாத்துக்கு 1/1000 நொடி, பறக்கும் வாத்துக்கு 1/2000 நொடி அல்லது அதைவிட வேகமான ஷட்டர் என்று முதலில் அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வெயிலில், அதே திசையில் நிற்கும் ஒரு வெள்ளைக் கொக்கைச் சோதனையாகப் படமெடுங்கள். மிகை வெளிச்சத்தைக் கண்சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையை இயக்கி, கொக்கின் இறகில் சிமிட்டல் நிற்கும் வரை ஒளியளவை மூன்றில் ஒரு ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகும் அளவு) குறைத்துக்கொண்டே வந்தால், வாத்தின் மார்புக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும். வாத்து வரும் முன்பே இதைச் செய்து முடித்திருக்க வேண்டும். வெயில் ஏற ஏற அளவு மாறுமாதலால், அவ்வப்போது திரும்பச் சோதியுங்கள்.

படத்தின் வெளிச்ச அளவுகளை இருளிலிருந்து வெண்மை வரை இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைச் சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனித்தனியாகப் பாருங்கள். காலையின் மஞ்சள் வெயிலில் சிவப்பு முதலில் வலது ஓரத்தை முட்டும். ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் வரைபடத்தில் அது மறைந்துவிடக்கூடும். கேமராத் திரை காட்டும் எச்சரிக்கை ஜேபெக் படத்தை வைத்துக் கணிக்கப்படுவது; எனவே சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் இன்னும் சிறிது இடம் மீந்திருக்கும். அந்த மீதியைக் காப்பாக வைத்துக்கொள்ளுங்கள், தொடக்கத்திலேயே செலவழித்துவிடாதீர்கள்.

அலகில் தொங்கும் நீர்த்துளி, கண்ணின் ஒளிப்புள்ளி, அலை நுனியில் வெட்டும் வெயில் ஆகியவை முழு வெள்ளையாகவே இருக்கட்டும். அவற்றையும் அடக்க முயன்றால் பறவையே இருண்டுபோகும். நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால், வேகமான ஷட்டர் வேண்டிய வாத்துப் படத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. அதைவிட நேரத்தைத் தேர்வதே மேல். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரமும், வடகிழக்குப் பருவமழையின் இடைவெளியில் மெல்லிய மேகம் படர்ந்த நாள்களும் வெள்ளைக்கும் கருமைக்கும் உள்ள தொலைவைத் தாமாகவே குறைத்துத் தருகின்றன. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் தட்டைவாயனின் தலையில் பச்சை மின்னுவதற்கும் வாய்ப்பு அதிகம்.

கணினியில் திருத்தும்போது வெளிச்சமான பகுதிகளைக் கட்டுப்படுத்தும் ஹைலைட்ஸ் அளவை முதலில் இறக்கி, அதன்பின் தலையின் நிழலை மட்டும் தேர்ந்து சற்றே உயர்த்துங்கள். மார்பு சாம்பல் நிறமாகத் தோன்றத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி இறகு வரிகளைப் பாருங்கள். அங்கே மூன்று நிறங்களும் உச்சத்தைத் தொட்டிருந்தால் எந்தத் திருத்தமும் அவற்றை மீட்காது, அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.